மோதிரத்தை யார் எடுத்தார்? ஆடி மாதக் குறிப்புகள்

ஆடி 1, புதன்

தெரு முழுக்கத் தேங்காய் சுட்ட வாசனை. வெளியூர்க்காரர்களுக்கு வருஷா வருஷம் விளக்க வேண்டியிருக்கிறது, இந்த வருஷமும் விளக்கிவிடுகிறேன். நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்துப் பாதித் தண்ணீரை இறக்க வேண்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் உள்ளே போகும். அழிஞ்சிக் குச்சியில் செருகி மஞ்சள் பூசி வாசல் நெருப்பில் வாட்டினால், ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே வெந்திருக்கும். முதலில் பிள்ளையாருக்கு. அப்புறம் நமக்கு.

பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதன் நினைவாகத்தான் இது என்று பெரியவர்கள் சொல்லும் கதை. எங்கள் வாசலில் இன்று வேறொரு போர்.

எதிர்வீட்டில் பரணைச் சுத்தம் செய்து பழைய காகிதக் கட்டு ஒன்றை நெருப்பு மூட்டக் கொடுத்தார்கள். நான்தான் கிழித்துக் கிழித்துப் போட்டேன். நாலைந்து தாள் போன பிறகு கையில் மிஞ்சியதைப் பார்த்தால், சினிமாப் பாட்டுப் புத்தகம்! முன் அட்டையும் முதல் தாளும் சாம்பல். படத்தின் பெயர், நடிகர்கள், கம்பெனி எல்லாம் அந்த இரண்டு தாளில்தான் இருந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாகப் பாட்டுப் புத்தகம் சேர்க்கிறவள் தன் கையாலேயே ஒன்றை எரித்தாள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

தேங்காய் நன்றாக வந்திருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

ஆடி 3, வெள்ளி

மிஞ்சியது பன்னிரண்டு பக்கம். பின் அட்டையில் "விலை அணா 2". அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், ஆகவே புத்தகம் அதற்கு முந்தியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பாட்டுகளுக்கு மேல் ராகமும் தாளமும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நாற்பதுகளோடு குறைந்துகொண்டே வந்தது. என் கணக்கு நாற்பதுகளின் பிற்பகுதி. பந்தயம் கட்டமாட்டேன்.

நல்லவேளை, கதைச் சுருக்கம் தப்பிவிட்டது. குயவர் வீட்டில் வளரும் இளவரசன். அவன் யாரென்று தெரிந்த ஒரே ஆள் அரண்மனை நாட்டியக்காரி. முத்திரை மோதிரத்தைப் பூக்கூடையில் ஒளித்து அனுப்புகிறாள். கூடை குயவர் வீட்டுக்கு வந்து சேரும்போது மோதிரம் இல்லை. மந்திரியின் ஆட்கள் ஊரைச் சூழ்கிறார்கள். இளவரசன் என்ன ஆனான், மோதிரத்தை எடுத்தது யார், நாட்டியக்காரி கதி என்ன என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் வழக்கமான அந்த வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க.

எத்தனை முறை படித்தாலும் இந்த வரி எனக்குச் சலிப்பதில்லை. இரண்டணா கொடுத்தவனிடம் முடிவு மட்டும் கிடையாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ராத்திரி நம் கூட்டத்துக்குச் செய்தி போட்டேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவோம். தூத்துக்குடி அக்காவுக்குக் கை குரோஷா ஊசியை விட்டு இறங்காது. பட்டுக்கோட்டைத் தம்பி மைப்பேனாவில் படம் போடுகிறவன். ஈப்போ சித்தி அறுபது வயதில் கதை எழுதத் தொடங்கி இப்போது எங்களை எழுதவிடாமல் அடிப்பவர். நான் சேலத்துக்காரி. பகலில் ஜவ்வரிசி வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் பழைய புத்தகம் தைக்கிறேன். ஆறு வருஷப் பழக்கம். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

ஆடி 5, ஞாயிறு

முடிவாகிவிட்டது. ஆளுக்கொரு முடிவு எழுத வேண்டும் அல்லது வரைய வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தைப்பேன். கெடு ஆடி 18. போருக்கே அவ்வளவு நாள்தானே கொடுத்தார்கள்.

விதி ஒன்றுதான்: யாரும் பாட்டின் முதல் வரியைப் போட்டுத் தேடி எந்தப் படம் என்று கண்டுபிடிக்கக் கூடாது.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தூத்துக்குடி அக்கா, "ரெண்டாவது பாட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார். தேடவே இல்லையாம், அவருடைய அம்மா பாடுவாராம். நான்கு பேரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தோம் (நான்காவது அக்காவின் வீட்டுக்காரர்). தெரிந்தவர் எழுதினால் அழுகுணி ஆட்டம் என்பதால் அக்கா உறை பின்னித் தருவார் என்று தீர்மானம். அவருக்கு அது ஒரு குறையாகவே பட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று பத்து வரியில் திட்டினார்.

மத்தியானம் பசை காய்ச்சினேன். என் பசை குச்சிக்கிழங்கு மாவுப் பசை. ஒரு கரண்டி மாவுக்கு ஆறு கரண்டித் தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்து, மெல்லிய தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளற வேண்டும். ராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க பைண்டர்கள் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். அதனால் அம்மா எனக்கென்று ஒரு கிண்ணத்தைத் தள்ளி வைத்து, சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். அப்படியும் அடுப்படியில் அதைப் பார்த்துவிட்டால் ஒரு பாட்டம் உண்டு. இன்றும் உண்டு.

செல்லோடேப்பை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை காகிதத்திலேயே தங்கிவிடும். பழைய நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது, தன் அமிலத்தாலேயே ஒடிகிறது. அதற்கு மேல் நாமும் படுத்த வேண்டுமா? துருப்பிடித்த பின்னைக் கழற்றி, மடிப்பில் மெல்லிய தாளை ஒட்டி, நூலால் தைத்தால் இன்னொரு தலைமுறை தாங்கும்.

ஆடி 9, வியாழன்

ஆபீசில் மாதக் கணக்கு. ஒரு வரியும் எழுதவில்லை. மோதிரத்தை மந்திரியின் மனைவி எடுத்ததாக வைக்கலாமா?

ஆடி 11, சனி

பெரியப்பாவைப் பார்க்க அஸ்தம்பட்டிப் பக்கம் போனேன். எழுபத்தெட்டு வயது. புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மோந்தும் பார்த்துவிட்டு, "இது நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் படம் கண்ணு, வேற யாரு எடுப்பா?" என்றார். பெரியப்பாவைப் பொறுத்தவரை 1970க்கு முன்னால் வந்த எல்லாப் படமும் மாடர்ன் தியேட்டர்ஸ் படம்தான்.

"வா, காட்டறேன்" என்று ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டார். ஏற்காடு ரோட்டில் அந்த வளைவின் முன் இறங்கினோம். டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கிய ஸ்டூடியோவில் இன்று கண்ணுக்கு மிஞ்சியிருப்பது இந்த முகப்பு வளைவு. பின்னால் வீடுகள். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938ல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் வந்தது, அதுவும் இங்கிருந்துதான். நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம். மு. கருணாநிதியும் கண்ணதாசனும் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம்.

பெரியப்பா அலிபாபாவைப் பத்து வயதில் பார்த்தாராம். கதை நினைவில்லை, பானுமதி கட்டியிருந்த துணியின் நிறம் நினைவிருக்கிறது என்கிறார். "அதுவரைக்கும் எல்லாரும் சாம்பல் கலர்லதான் துணி கட்டியிருப்பாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்." கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கிறவர் பாடிக்கொண்டே விற்பாராம். காசில்லாத பையன்கள் அவர் பின்னாலேயே நடந்து பாட்டை மனப்பாடம் செய்துகொள்வார்களாம். இதை ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல."

திரும்பும் வழியில் தட்டுவடை செட். பெரியப்பாவுக்குப் பல் இல்லாததால் நொறுக்கல். நொறுக்கல் கரைகிற நேரத்தில், நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், படத்தின் முடிவைச் சொல்லிவிட்டார். மலை உச்சியில் வாள் சண்டை, இளவரசனுக்கு ஓர் இரட்டை அண்ணன், நாட்டியக்காரி கப்பலேறிப் போய்விடுகிறாள். சுருக்கத்தில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. குறைந்தது மூன்று படத்தைச் சேர்த்துத் தைத்திருக்கிறார். இரட்டையர் 1940ல் வந்த 'உத்தமபுத்திர'னின் பி.யு. சின்னப்பா என்று தோன்றுகிறது, மலை உச்சி நிச்சயம் 'மந்திரி குமாரி'.

அப்படியே எழுதிக்கொண்டேன். நான்காவது முடிவு அதுதான்.

ஆடி 14, செவ்வாய்

மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டது என்று காலையிலிருந்து ஊரே பேசுகிறது. ஆபீசில் பாதிப் பேர் மேட்டூர் போகும் யோசனையில்.

ஈப்போ சித்தி தன் முடிவைத் தொலைபேசியில் வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம். அவர் கதையில் மோதிரம் தொலையவே இல்லை, நாட்டியக்காரி கூடையில் போடவே இல்லை. தானே விரலில் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். இளவரசன் பானை செய்கிறான், சந்தோஷமாகவே செய்கிறான். "அவனுக்கு எதுக்குடி ராஜ்யம், கைத்தொழில் இருக்குல்ல?" என்றார். என்னுடைய மந்திரி மனைவி இதற்கு முன்னால் நிற்கமாட்டாள். இருந்தாலும் எழுதினேன். பாதி மனத்தோடு எழுதியது படிக்கும்போது தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி 18, சனி

பெருக்கு. அம்மா புதுமஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார், சித்ரான்னம் மூன்று வகை.

தூத்துக்குடி உறை வந்தது. மண் நிற நூலில் பானை போலவே பின்னியிருக்கிறார், கழுத்தில் ஒரு மஞ்சள் வளையம். கதையைச் சொல்லாமலே ஏதோ சொல்லிவிட்டாரோ என்று சந்தேகம். கேட்டால் சிரிக்கிறார்.

பட்டுக்கோட்டைப் பார்சலும் வந்தது, நனைந்து. கூரியர் பையன் மழையில் வந்ததால் இல்லை, இங்கே மழையே இல்லை. வழியில் எங்கேயோ தண்ணீரில் கிடந்திருக்கிறது. உள்ளே எட்டு பக்கப் படம். நான்கில் மை முழுக்கக் கரைந்து நீலக் குளமாகியிருந்தது. ஒன்றில் மந்திரியின் மீசை மட்டும் மிச்சம். கூரியர் அலுவலகத்தில் கேட்டால், மேலே "உடையும் பொருள்" என்று எழுதியிருக்கவில்லையே என்றார்கள். காகிதம் உடையுமா?

தம்பியிடம் சொல்ல மூன்று மணி நேரம் தள்ளிப் போட்டேன். சொன்னதும், "மீசை தப்பிச்சதாக்கா? அதுதான் கஷ்டப்பட்டுப் போட்டேன்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கெடு போயிற்று.

ஆடி 23, வியாழன்

நேற்றிலிருந்து எழுத உட்கார நேரமில்லை. பட்டுக்கோட்டைத் தம்பி வந்துவிட்டான்! வண்டி வேடிக்கை பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அதோடு நான்கு பக்கத்தையும் இங்கேயே வரைந்துவிடுகிறேன் என்று ராத்திரி பஸ் ஏறிவிட்டான். ஆறு வருஷமாக ஒல்லியாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என்னை அவன் இன்னும் உயரமாக நினைத்தானாம்.

பகல் முழுக்க மொட்டை மாடியில் வரைந்தான். இந்த முறை நீரில் கரையாத மை. மீசைப் பக்கத்தை மறுபடி வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நீலக் குளத்தில் மிதக்கும் மீசைதான் மந்திரியின் முடிவு, அவன் மூழ்கிப் போனான், அவ்வளவுதான். எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் எங்கள் ஊரில் குகை என்கிற பகுதிக்குப் போனோம். மாரியம்மன் பண்டிகையில் ஆளாளுக்குச் சிவன், முருகன், காளி என்று வேடம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் நின்று வருவார்கள். அசையாமல், கண் சிமிட்டாமல் மணிக்கணக்காக. தம்பி அப்படியே நின்றுவிட்டான். ஜப்பானியக் கார்ட்டூன் வேடம் போடும் கூட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவன் அவன். "அக்கா, இங்க டிக்கெட்டே இல்லாம நடக்குதே!" என்றான். ஒரு வண்டியில் எமன் வேடக்காரருக்கு வேர்த்து மை வழிந்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பையன், சித்திரகுப்தன் போல, பனை ஓலை விசிறியால் வீசிக்கொண்டே வந்தான். அதைத் தம்பி நின்றபடியே வரைந்துகொண்டான். கூட்டம் இடித்ததில் கோடு ஓடியிருக்கிறது, அதனால்தான் நன்றாக இருக்கிறது.

ஆடி 25, சனி

தைத்தாயிற்று. முதலில் எரிந்த புத்தகத்தின் பன்னிரண்டு பக்கம், தனிக் கட்டாக. பிறகு சித்தி, தம்பி, நான், பெரியப்பா. நான்கு துளை, மெழுகு தேய்த்த நூல். முதல் பக்கத்தில் படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். முதலில் தூத்துக்குடி போகும், அங்கிருந்து பட்டுக்கோட்டை, அப்புறம் யாராவது ஊருக்குப் போகும்போது ஈப்போ. பிளாஸ்டிக் உறை இரண்டு.

இப்போது பெரியப்பாவிடமிருந்து போன். மணி பத்தரை. அவருக்கு இப்போதுதான் நினைவு வந்ததாம், கப்பல் இல்லையாம், யானையாம், மாற்றி எழுத வேண்டுமாம்.

"பசை காஞ்சிருச்சு பெரியப்பா."

"அப்ப ஓரத்துல யானைன்னு எழுது சாமி. படிக்கறவங்க தப்பா நெனச்சுக்கப் போறாங்க."