ஒரு வரி மட்டும் தெரியும் அட்டை

மேலப்பாளையத்தில் நான் இமாமாக இருக்கும் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு மக்ரிபுக்கு, அதாவது அந்தித் தொழுகைக்குப் பிறகு மதரஸா. பெரியவர்களுக்கு விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் முக்கால் மணி நேரம். பெரியவர்கள் என்றால் ஏழெட்டுப் பேர்: கைலி வியாபாரி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், ஆட்டோ ஓட்டுகிறவர். சின்ன வயதில் விட்டுப்போன குர்ஆன் ஓதலைத் திரும்பப் பிடிக்க வருகிறவர்கள். நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் இடம் கொள்ளாது. அடுத்த மாதம் பாதியாகிவிடும். அந்தப் பாதியிலும் ஒருநாள் விடாமல் வந்தவர் ஒரு பரோட்டா மாஸ்டர்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அண்ணன் என்ற முறையில் நான் காக்கா என்பேன், அவர் என்னை மரியாதையாக அசரத்து என்பார். கடையை மூடி, கல்லைச் சுரண்டிக் கழுவி, வீடு போய்ப் படுக்க இரவு ஒரு மணி ஆகும். விடியுமுன் கண் சிவக்க வந்து முதல் ஸஃப்பில் (வரிசையில்) நிற்பார். சட்டையில் சால்னா வாசம் இருக்குமோ என்ற கூச்சத்தில் அத்தரைக் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருப்பார்.

ஆறு மாதம் ஆயிற்று. மற்றவர்கள் எழுத்துக்கூட்டப் பழகி, குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்வுக்குப் போய்விட்டார்கள். இவர் பே, தே, ஸே என்ற அரபு எழுத்துகளிலேயே நின்றார். மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான். கீழே ஒரு புள்ளி வைத்தால் பே, மேலே இரண்டு என்றால் தே, மூன்று என்றால் ஸே. நேற்றுச் சொன்னது இன்று அவரிடம் இருக்காது. ஆனால் காதில் விழுந்தது போகாது. ஒருமுறை ஓதிக்காட்டினால் ராகம் முதற்கொண்டு திருப்பிச் சொல்வார்.

ஒருநாள் அவர் பாடத்தைச் சரளமாக ஓதிக்கொண்டிருக்கையில் விரலைப் பார்த்தேன். வாய் நாலாவது வரியில் இருந்தது, விரல் ஏழாவது வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்ன காக்கா, மனப்பாடம் பண்ணிட்டு வந்து என்னை ஏமாத்துறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் கிதாபை மூடி, முத்தமிட்டு, மடியில் வைத்துக்கொண்டார். "இல்ல அசரத்து, எழுத்து நவுருது" என்றார். கைலி வியாபாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏழு வருடம் ஓதி ஸனது (பட்டம்) வாங்கியவன் நான். நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் இருக்கிறது: குர்ஆனில் தேர்ந்தவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார், திக்கித் திணறி, சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி. ஜும்ஆவில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! திணறுகிறவர் எதிரே உட்கார்ந்தபோது ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் சுபுஹில் வழக்கமான வரிசைப்படி நான் 'அபஸ' ஓதியிருக்க வேண்டும். குர்ஆனின் 80ஆவது ஸூரா (அத்தியாயம்). 'முகம் சுளித்தார், புறக்கணித்தார்' என்று தொடங்குவது. மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களிடம் நபிகள் (ஸல்) பேசிக்கொண்டிருந்தபோது கண் தெரியாத இப்னு உம்மு மக்தூம் கற்றுக்கொள்ள வந்து குறுக்கிட்டார். அப்போது நபியையே திருத்தி இறங்கிய வசனங்கள். முதல் ஸஃப்பில் அத்தர் வாசம் வந்தது. நான் வேறு ஸூராவுக்குத் தாவிவிட்டேன். பின்னால் நின்ற யாருக்கும் தெரியாது.

விஷயம் பிடிபட்டது அவர் மகனால். நாலாம் வகுப்புப் பையன். பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும் சிறப்பாசிரியை அவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், முறையாகப் பரிசோதியுங்கள் என்றாராம். புத்திக் குறைவு இல்லை, எழுத்தையும் ஒலியையும் மூளை இணைத்துக்கொள்வதில் உள்ள சிக்கல், குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு என்று விளக்கியிருக்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் அதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "அப்போ எனக்கும் அதுதானா அசரத்து? பயலோட வாத்தியார் என்னைய அடிச்ச மாதிரிதான் அவனையும் அடிச்சாரு" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடு என்று மேடையில் முழங்குவோம். ஹதீஸ் கலையில் அது தேறாத அறிவிப்பு என்பது வேறு விஷயம். நம்மூரில் ஒருவருக்குச் சீனா என்பது ஒரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்தது.

அந்த ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வந்த வழிகள் சாதாரணமானவை. அரிச்சுவடியை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினோம். அல்வா டப்பாவின் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக வெட்டி, பக்கத்தின்மேல் வைத்தோம். மற்ற வரிகள் மறைந்ததும் விரல் தடம் மாறுவது குறைந்தது.

எழுத்தைக் கையால் தடவிப் பழக வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். மணலுக்கு எங்கே போவது என்று நான் யோசித்தேன். மாஸ்டர் சிரித்துவிட்டு மத்தியானம் கடைக்கு வரச்சொன்னார். மாவு பிசையும் நேரம் இன்னும் வரவில்லை. தகரத் தட்டில் ஒரு பிடி மைதாவைப் பரப்பி, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கி, சுட்டுவிரலால் ஒரு தொட்டில் மாதிரி வளைவு இழுத்தார். கட்டைவிரலால் கீழே ஒரு அழுத்து. பள்ளம் விழுந்தது. "பே" என்றார். அழித்துவிட்டு மறுபடி வளைவு, மேலே இரண்டு அழுத்து. "தே." ஆயிரக்கணக்கில் உருண்டை பிடித்த விரல், அது மறக்கவில்லை. ஆயத்து (வசனம்) எதையாவது எழுதிப் பாருங்களேன் என்றேன். தலையாட்டினார். "இந்த மாவு பெறவு எச்சித்தட்டுக்குப் போகும் அசரத்து. வெறும் எழுத்து போதும்." அந்த அதபு, அந்த மரியாதை, எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு நாள் ஆரம்பகால முஸ்ஹஃபுகளை, அதாவது குர்ஆன் பிரதிகளைப் பற்றிச் சொன்னேன். ஸேர், ஸபர் எனும் உயிரொலிக் குறிகள் அவற்றில் கிடையாது, எழுத்துப் புள்ளிகளும் பெரும்பாலும் கிடையாது. அரபு தெரியாதவர்கள் இஸ்லாத்துக்கு வந்து பிழையாக ஓதத் தொடங்கியதும்தான், பஸராவில் அபுல் அஸ்வத் அத்துஅலீ வண்ணப் புள்ளிகளால் உச்சரிப்பைக் குறித்தார் என்பது வரலாறு. பே, தே பிரிக்கும் புள்ளிகளை முறைப்படுத்தியவர்கள் அவருடைய மாணவர் வழியினர்.

"அப்போ திணறுனவங்களுக்காகத்தான் புள்ளியே வச்சாங்களா?" என்றார். அப்படி நான் யோசித்ததில்லை. இரண்டு கூலி ஹதீஸையும் அன்றுதான் அவருக்குச் சொன்னேன். ஒன்று ஓதியதற்கு, இன்னொன்று பட்ட பாட்டுக்கு என்று விளக்கினேன். "எங்க முதலாளிகிட்ட ரெண்டு கூலி கேட்டா சட்டுவத்தத் தூக்கிருவாரு" என்றார்.

அரிச்சுவடி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிறகு வழக்கப்படி கடைசி ஸூராவான 'நாஸ்' தொடங்கிப் பின்னோக்கி வந்தோம். கூடவே வந்தவர்கள் யாஸீன் தாண்டிப் போய்விட்டார்கள். இவர் இரண்டு வருடத்தில், போன மாதம், அபஸவுக்கு வந்து சேர்ந்தார். இந்த முறை தாவ வழியில்லை.

அட்டையை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தார். பத்தாவது ஆயத்தில் 'தலஹ்ஹா'வில் சிக்கி மூன்று முறை திரும்ப வந்தார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. நாலாவது முறை வந்தது. வெளியே பால்காரர் வண்டி போன சத்தம் கேட்டது.

"இது யாரைப் பத்தி அசரத்து?"

சொன்னேன். இப்னு உம்மு மக்தூம் பிறகு மதீனாவில் சுபுஹுக்குப் பாங்கு சொல்பவராக இருந்ததையும் சொன்னேன். அந்த வாரம் நான் இந்த ஸூராவை ஓதாமல் தாவியதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் அட்டையை ஒரு வரி கீழே நகர்த்தினார்.