சிப்பிங் கேம்ப்டன்: கம்பளிப் பணத்தில் எழுந்த ஊர்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்கு வருபவர்களில் பலர் ஒரே நாளில் நான்கைந்து ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோடை விடுமுறைக்கு நாங்கள் அப்படி அலைய விரும்பாமல், சிப்பிங் கேம்ப்டன் என்னும் சிறிய சந்தை ஊரிலேயே தங்கிவிட்டோம். லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும்; இந்த ஊரின் ரயில் நிலையத்தை 1966-இலேயே மூடிவிட்டார்கள். ஊர் இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஊரின் முதன்மைத் தெருவான ஹை ஸ்ட்ரீட் லேசாக வளைந்து செல்வதால், நடக்க நடக்கத்தான் வீடுகள் ஒவ்வொன்றாகப் பார்வைக்கு வருகின்றன. எல்லாம் அந்தப் பகுதியிலேயே வெட்டியெடுத்த தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. இந்த அழகுக்கெல்லாம் முதல் போட்டது செம்மறியாடு. இடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளிக்கு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி), இத்தாலி வணிகர்களிடம் பெரும் மதிப்பு இருந்தது. அந்த வணிகத்தில் செழித்த வில்லியம் கிரெவெல் 1401-இல் இறந்தார். புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் தரையில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில், 'இங்கிலாந்து முழுவதற்குமான கம்பளி வணிகர்களின் மலர்' என்று லத்தீனில் அவரைப் புகழ்ந்திருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அவர் கட்டிய வீடும் இதே தெருவில் நிற்கிறது.

தெருவின் நடுவே இருக்கும் சந்தை மண்டபம் 1627-இல் எழுந்தது. லண்டனில் பட்டு விற்றும் அரசருக்கே கடன் கொடுத்தும் செல்வம் சேர்த்த சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வருபவர்கள் மழையில் நனையாமல் இருப்பதற்காக இதைக் கட்டிக்கொடுத்தார். நாற்புறமும் வளைவுகள் திறந்திருக்க, மேலே மரக்கூரையைத் தாங்கி நிற்கிறது. தளக்கற்களோ தேய்ந்து மேடும் பள்ளமுமாகிவிட்டதால், குனிந்து பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. 1940-களில் இந்த மண்டபம் அமெரிக்காவுக்கு விலைபோக இருந்த நேரத்தில், ஊர்மக்கள் பணம் திரட்டி வாங்கி பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். ஹிக்ஸ் தனக்கெனக் கட்டிக்கொண்ட மாளிகையை 1645-இல், அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரின்போது, அரசர் தரப்புப் படையினரே எரித்துவிட்டார்கள். ஏழை முதியவர்களுக்காக 1612-இல் அவர் கட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள். அரண்மனை சாம்பலாகி, அறச்சாலை நிலைத்த இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கம்பளி வணிகம் நொடித்தபின் உறங்கிக் கிடந்த ஊருக்கு, 1902-இல் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி தமது கைவினைஞர் சங்கத்தை லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து குடிபெயர்த்துக் கொண்டுவந்தார். பழைய பட்டு ஆலையில் தச்சர்களும் வெள்ளிக் கொல்லர்களும் பட்டறை போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சங்கம் கலைந்துபோனாலும், அதன் வழிவந்த வெள்ளிப் பட்டறை ஒன்று அதே ஆலையின் மாடியில் இன்னும் இயங்குகிறது. படியேறிப் போனால் சுத்தியல் ஒலியைக் கேட்கலாம், கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழைய ரசீதுகளையும் பார்க்கலாம்.

நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877-இல் கொழும்பில் பிறந்த கலையியல் அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, ஒரு மைல் தொலைவிலுள்ள பிராட் கேம்ப்டனில் வாழ்ந்தவர். பாழடைந்து கிடந்த நார்மன் காலச் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பி அவருக்காக வீடாக மாற்றிக்கொடுத்தார். இலங்கையில் கனிமவள ஆய்வுப் பணியிலிருந்தபோது கண்ட கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலை, கைவினைக் கலைக்காகக் குரல் கொடுத்த ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அந்த வீட்டிலேயே அச்சிட்டு 1908-இல் வெளியிட்டார். இயந்திரச் சரக்குகள் கைத்தொழிலை அழிப்பதை எதிர்த்தவர், தம் நூலையும் கையாலேயே அச்சிட வைத்ததில் வியப்பில்லை.

இப்போது அது தனியார் இல்லம் என்பதால் வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடியும். இரண்டு ஊர்களுக்கும் இடையே வயல்வழி நடைபாதை இருக்கிறது. மழை பெய்திருந்தால் சேறாகிவிடும் என்பதால், நல்ல காலணியோடு போவது உத்தமம்.