அனோடைசிங்: வோல்ட்டை விட்டு ஆம்பியரைப் பிடித்தது

சைக்கிள் விளக்கைத் தாங்கும் அலுமினியத் தகடுகளுக்கு அனோடைசிங் முறையில், அதாவது அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் வளர்த்து அதில் சாயம் ஏற்றி, நிறமேற்றும் வேலை ஒரு வழியாக நிலைக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் கந்தக அமிலம் வைத்துக்கொள்ள மனமில்லாததால், நீச்சல் குளத்துக்குப் போடும் சோடியம் பைசல்பேட் கரைசல்தான். அடுத்த கேள்வி பவர் சப்ளை.

கையிலிருந்தது பழைய கார் பேட்டரி சார்ஜர். அதில் ஆம்பியரைக் கட்டுப்படுத்த வழியில்லை. 20 டிகிரி அறையில் சமாளிக்கலாம், நம் ஊர் மதியத்தில் கரைசல் 30 டிகிரியில்தான் தொடங்குகிறது. சூடான கரைசலில் மின்சாரம் கூடுதலாகப் பாயும்; பாயப் பாய இன்னும் சூடேறும். வளர்கிற ஆக்சைடை அமிலமே கரைத்துவிட, விரலில் ஒட்டும் பொடிதான் மிஞ்சும். மின்னோட்டத்தைப் பூட்டிவிட்டால் அந்தச் சுழல் அறுந்துவிடும்.

“பெருசாவே வாங்கிடு தம்பி” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பரப்பளவைக் கணக்குப் பார்த்தேன். 12 செ.மீ., 5 செ.மீ. தகடு, இரு பக்கமும் சேர்த்து 120 சதுர செ.மீ. நூறு சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் என்றால் ஒரு தகட்டுக்கு 1.2, நான்குக்கு 4.8. ஆகவே சிம் லிம் டவர் மின்னணுக் கடையில், ஆம்பியரைப் பூட்டி வைக்கக்கூடிய 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளையோடு நிறுத்திக்கொண்டேன்.

நேரக் கணக்கும் எளிது: நூறு சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் வீதம் 3 நிமிடம் ஓடினால் சுமார் 1 மைக்ரான். சாயம் நன்றாகப் பிடிக்க 15 மைக்ரான் வேண்டும் என்று 45 நிமிடம் விடுகிறேன். ஐஸ் போட்ட பாட்டில்களை மாற்றி மாற்றி இறக்கி, 21 டிகிரியை ஒட்டி வைக்கிறேன். ஜன்னல் திறந்தே இருக்கும், ஹைட்ரஜன் வெளியேற வேண்டுமே.

மின்னோட்டம் நிலையாக இருப்பதால் வோல்ட் மீட்டரே உளவாளி. மெதுவாக ஏறினால் சரி. இறங்கினால் கரைசல் சூடாகிறது. திடீரென்று நான் வைத்த 20 வோல்ட் எல்லையைத் தொட்டு ஆம்பியர் சரிந்தால், தொங்கவிட்ட அலுமினியக் கம்பியின் பிடி தளர்ந்து இடையில் ஆக்சைடு புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, பொடி உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிக் கட்ட வேண்டும்.

அண்ணன் இப்போது டைட்டானியம் போல்ட்டுகளோடு வந்து நிற்கிறார். அதில் நிறத்தைத் தீர்மானிப்பது வோல்ட். என் 30 வோல்ட்டுக்கு நீலம் வரை வரும். அவர் கேட்கும் பச்சைக்கு 100 வோல்ட்டை நெருங்க வேண்டும். ஈரக் கையோடு அந்த வேலைக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.