பாமினி திறந்தால் பாதி வேலை முடிந்தது

ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாமே என்று யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், இலவசம் என்ற பேச்சு எடுபடுவதே இல்லை. கிராக் பண்ணிய, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, விண்டோஸும் வேர்டும் காசில்லாமல்தானே கிடைக்கின்றன? கிராக் போடும்போது முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். அதன்பிறகு உள்ளே என்ன நுழைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர் பழைய லெப்டொப்போடு வந்தார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் இல்லை. புதிது வாங்க வசதியில்லை என்றார். சரி, உள்ளே இருப்பதில் கை வைக்காமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஓட்டிக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னோட வினாத்தாள் எல்லாம் தொறக்குமா தம்பி?"

லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபிஸில் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. டீச்சருக்கு முகமே வாடிவிட்டது. வினாத்தாளைப் பாமினியில் அடித்திருந்தார். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய எழுத்துரு. அது இல்லாத எந்தக் கொம்பியூட்டரிலும் இப்படித்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை நிறுவிவிட்டு மறுபடி திறந்ததும் ஐந்தாம் தர வினாத்தாள் தமிழில் வந்தது. ஓர் அட்டவணை மட்டும் அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது. ஓரத்தைக் குறைத்ததும் ஏறிவிட்டது. விசைகள் மாறாததால் அவர் உடனே தட்டச்சு செய்தும் பார்த்தார். அப்புறம்தான் முழுதாக நிறுவச் சம்மதித்தார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமே, அதனால் எப்போதும் வேர்ட் வடிவில் சேமிக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோட் முறை பற்றி அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் யாருக்கும் பயம்தான் வரும்.

சும்மா கொடுப்பதை எப்படி நம்புவது என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் சஹானாவைப் பற்றிச் சொல்வேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைகளை ஒருங்கிணைக்க நம் நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள் அது; லினக்ஸைப் போலவே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான விருதும் பெற்றது.

போட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்களை நான் வற்புறுத்துவதில்லை. அவர்களுடைய பிழைப்பே அந்தக் கோப்புகளில் இருக்கிறது. இணையம் பார்க்க ஃபயர்பொக்ஸும் வீடியோ பார்க்க விஎல்சியும் போட்டுக் கொடுத்து, கிராக்கின் ஆபத்தை மட்டும் விளக்கி அனுப்புகிறேன்.