'பிரெஞ்ச் கனெக்‌ஷன்': எந்த ப்ளூ-ரே வாங்கலாம்?

'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' (1971) என்ற நியூயார்க் போலீஸ் படத்தின் ப்ளூ-ரே வட்டை வாங்கப் போகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள். 2009 பதிப்பு என்றால் வேண்டாம். இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அதில் வண்ணத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் வெளிறிய சாயத்தைப் பூசியது மாதிரி இருக்கும், நிறம் முகத்தின் ஓரத்தைத் தாண்டி வழியும். ஒளிப்பதிவாளர் ஓவன் ரோய்ஸ்மன் பொதுவிலேயே கொதித்துப் பேசினார். பேசாமல் என்ன செய்வார், அவர் எடுத்த படமாயிற்றே!

2012-இல் வந்த மறுபதிப்பில் ரோய்ஸ்மனின் ஒப்புதல் இருக்கிறது. நியூயார்க்கின் குளிர்காலம் திரும்பக் கிடைத்துவிட்டது: சாம்பல் வானம், அழுக்குச் செங்கல், குளிரில் சிவந்த மூக்குகள். ஃபிலிம் சுருளுக்கே உரிய பொடித் துகள்கள் தெரியத்தான் செய்கின்றன. தெரியட்டும், இந்தப் படத்தை வழவழவென்று துடைத்தால் பாதி உயிர் போய்விடும்.

அப்புறம் படத்தின் பேர்பெற்ற அந்தத் துரத்தல் காட்சி. மேலே குற்றவாளி தப்பிப்போகும் மேம்பால ரயில், கீழே போலீஸாக வரும் ஜீன் ஹேக்மன் யாரிடமிருந்தோ பிடுங்கிய போன்டியாக் கார். பின்னணி இசையே கிடையாது. ஹாரன், டயர் கிறீச்சிடல், தலைக்கு மேல் தண்டவாள இரைச்சல், அவ்வளவுதான். ஒலியைக் கூட்டிவைத்துப் பாருங்கள், அடுத்த வீட்டில் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

2009 வட்டில் அந்த வண்ண வித்தையை ஃப்ரீட்கினே விளக்கும் குறும்படம் ஒன்று உண்டு. பழைய சரக்காக மலிவாகக் கிடைத்தால் அதற்காக மட்டும் வாங்கலாம்.