மூன்று கருக்கும் ஓர் ஈசிஜியும்

எங்கள் குமரி மாவட்டத்தில் இளநீருக்குக் கருக்கு என்று பெயர். காய்ச்சலானாலும் வயிற்றுப்போக்கானாலும் முதலில் சீவப்படுவது அதுதான். நானும் விரும்பிக் குடிப்பதுண்டு. ஆனால் சென்ற ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை வந்த நோயாளிக்குப் பிறகு, சிறுநீரக நோயாளிகளின் வீட்டாரிடம் மருந்துச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கருக்கைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன்.

அவர் அறுபதைத் தாண்டிய ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நெடுநாள் சர்க்கரை நோய். சிறுநீரகம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் முன்பே 2.8; இரத்த அழுத்தத்துக்கு லோசார்டானும் கால் வீக்கத்துக்கு ஸ்பைரனோலாக்டோனும் எடுத்துவந்தார். இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் கால்கள் துவண்டு, எழுந்து நிற்க முடியாமல் போனது. "சோறு இறங்கல்ல சாரே, கருக்கு மட்டும் நாளுக்கு மூணு குடுத்தோம்" என்றார் மருமகள்.

ஈசிஜி தாளில் டி அலைகள் கூர்முனையுடன் உயர்ந்து நின்றன, பி அலையைக் காணவில்லை, க்யூஆர்எஸ் அகன்று கிடந்தது, நாடித்துடிப்பு 42. இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியதன் அடையாளங்கள் இவை. ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் 10 மில்லி கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மெதுவாகச் செலுத்தினோம். கால்சியம் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை இம்மியும் குறைப்பதில்லை, இதயத் தசையின் சவ்வை மட்டுமே நிலைப்படுத்துகிறது என்பதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது. மூன்று நிமிடத்தில் எடுத்த அடுத்த தாளில் க்யூஆர்எஸ் குறுகியிருந்தது. அந்தப் பாதுகாப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரைதான் நிற்கும். அதற்குள் இன்சுலினும், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலும், மூச்சிறைப்புக்குக் கொடுக்கும் சால்பூட்டமால் ஆவியும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள வேண்டும். பிறகு வந்த ஆய்வக முடிவில் பொட்டாசியம் 7.8, இயல்பைவிட மிக அதிகம்; டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தோம். (கையை இறுகக் கட்டி எடுத்த இரத்தமும் சிவப்பணு உடைந்த மாதிரியும் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும், உண்மையிலேயே 7 இருந்தும் ஈசிஜி சாதுவாக இருப்பதும் உண்டு.)

உடலின் பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. வெளியே உள்ளது மொத்தமே ஏறத்தாழ 60 மில்லிமோல். 400 மில்லி நீருள்ள ஒரு கருக்கில் 15 முதல் 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். நலமான உடலில் இன்சுலின் அதைச் செல்களுக்குள் ஒதுக்கிவைக்க, சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். வடிகட்டப்பட்ட பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிறுநீரக நுண்குழாயின் முற்பகுதியிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுவதால், சிறுநீரில் போவது பெரும்பாலும் கடைசிப் பகுதியில் புதிதாகச் சுரந்ததுதான்; அங்கே சோடியம் உள்ளே நுழைந்தால்தான் பொட்டாசியம் வெளியேறும், அதை நடத்துவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். இவருக்கோ வயிற்றுப்போக்கில் உடல் வற்றியதால் சோடியம் முற்பகுதியிலேயே இழுக்கப்பட்டு, கடைசிப் பகுதிக்கு மிகக் கொஞ்சமே வந்து சேர்ந்தது. லோசார்டான் ஆல்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்தது. சுரந்த கொஞ்சத்தையும் ஸ்பைரனோலாக்டோன் வேலை செய்யவிடவில்லை. அந்த நிலையில்தான் நாளுக்கு மூன்று கருக்கு உள்ளே போயிருக்கிறது.

வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் போகும் என்பதால் வீட்டாரின் கணக்கை முழுத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு முதலில் தேவைப்பட்டது சோடியம், அது கருக்கில் மிகக் குறைவு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்குச் சோடியம் 75, பொட்டாசியம் 20 மில்லிமோல். கருக்கில் அந்தக் கணக்கு தலைகீழ். மாத்திரைகளை எழுதித் தந்தவர்கள், வயிற்றுப்போக்கு வந்தால் அவற்றை நிறுத்திவிட்டு உடனே வரும்படி ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நான்காம் நாள் பொட்டாசியம் 4.9. ஸ்பைரனோலாக்டோனை நிறுத்தி, ஒரு வாரத்தில் மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னேன். மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டார். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு போய்விடும், அதுவும் கொஞ்சமாகத்தான் என்றேன். கிழங்கிலுள்ள நச்சுக்கு எங்கள் பக்கம் கட்டு என்று பெயர். "கட்டு போக எப்பவும் வடிக்கத்தானே செய்வோம்" என்றார்.