கான் தண்ணீரில் கீரை வேண்டாம்

வெயில் காலத்தில் மட்டக்களப்புக் கரையோரத்தில் கிணறு வற்றும், மிஞ்சுவதும் சவராகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் கழிவுநீர் ஓடுகிற கானில் பம்பை வைத்து இறைக்கிற தோட்டக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் நைதரசனும் பொசுபரசும் கலந்திருப்பதால் பசளைச் செலவு குறையும், கீரையும் தளதளவென்று வளரும். பிரச்சினையே அந்தத் தளதளப்புதான். பார்க்க நல்ல கீரை, சந்தையில் முதலில் விற்பதும் அதுதான்.

கானுக்குள் வீட்டுக் கழிவு மட்டுமா வருகிறது? கராஜ் ஒயில், பழைய பற்றரி, பெயின்ற் எல்லாம் வந்து சேருகிற இடங்களில் ஈயம், கட்மியம், குரோமியம், நிக்கல் என்று பலதும் கூடவே வரும். மற்றக் கழிவு மண்ணில் உக்கிப் போகும், உலோகம் உக்காது. ஒவ்வொரு போகமும் இறைக்க இறைக்க மேல் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் எனக்குப் பெரிய பயம் கட்மியம். ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், இலையில் மண்ணாகவும் தூசியாகவும் ஒட்டியிருப்பதை நன்றாகக் கழுவினால் நிறையக் குறையும். கட்மியம் அப்படியில்லை, துத்தநாகம் போகிற வழியிலேயே வேருக்குள் நுழைந்து இலைவரை ஏறிவிடும், செடி வாடாது, நிறமும் மாறாது, இலைக்குள்ளேயே இருப்பதால் கழுவினாலும் அவித்தாலும் சுண்டலுக்கு அரிந்து வதக்கினாலும் அது அங்கேதான் இருக்கும். இலைக்கறிகளில் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கட்மியம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின் வரம்பு. உடம்புக்குள் போனது சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருடம் போனாலும் பாதிதான் குறையும். யப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, சோற்றைத் தின்ற சனங்களுக்கு எலும்பு முறிந்தது. அது கட்மியத்தால் வந்த நோய் என்று அந்த நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. நம்முடைய கான் சுரங்கமில்லைதான், ஆனால் உலோகம் மண் வழியாகத் தட்டுக்கு வருகிற வழி ஒன்றுதான்.

நம் கரையோர மண் வெறும் மணல் என்பதையும் யோசிக்க வேண்டும். களியும் உக்கலும் குறைந்த மண்ணால் உலோகத்தைப் பிடித்து வைக்க முடியாது, அது வேருக்குப் போகும், இல்லாவிட்டால் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அம்பாறைப் பக்கத்து வயல்களில் கதை கொஞ்சம் வேறு, தண்ணீர் நிற்கும்வரை கட்மியம் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும், வயலை வற்றவிடும்போது மறுபடியும் கரையத் தொடங்கும்.

அதனால் கானோரத்தில் முளைக்கீரை, கங்குன், வல்லாரை போடாதீர்கள். அந்த நிலத்தை விட முடியாது என்றால் பூசணி, பயற்றை மாதிரிக் காய்க்கிற பயிருக்கு மாறுங்கள், காய்க்குள் பொதுவாக இலையைவிடக் குறைவாகவே சேரும், அதற்கும் கிணற்றுத் தண்ணீர் கிடைக்கிற நாளில் அதையே இறையுங்கள். மாட்டெரு, கூட்டெரு நிறையப் போடுங்கள், ஆனால் ரவுண் குப்பையில் செய்த எரு வேண்டாம். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு சேர்த்தால் வேர் இழுப்பது குறையும், உலோகம் மட்டும் மண்ணைவிட்டுப் போகாது.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கட்மியமும் ஈயமும் பார்க்கச் சொல்லி விவசாயப் போதனாசிரியரிடம் தனியாகக் கேளுங்கள். வழமையான மண் பரிசோதனையில் புளிப்பும் பசளைச் சத்தும்தான் பார்ப்பார்கள்.